வீட்டுக்கூரை அன்ரனாவைத் தெரிவு செய்தல்

அலகு: மின்காந்த அலைகள் – அன்றாடப் பிரயோகம்

மாணவர்களே, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபகுதியில், கடலோரத்தில் அமைந்துள்ள மாங்கேணியில் ஒரு வீட்டுக்குத் தொலைக்காட்சி அன்ரனா வாங்க வேண்டியுள்ளது எனக் கொள்வோம். விலையையோ கம்பிகளின் எண்ணிக்கையையோ மட்டும் பார்த்து வாங்கினால் பணம் வீணாகலாம். மீடிறன், திசை, உயரம், பாதுகாப்பு ஆகிய நான்கையும் முறையாக ஆராய்தல் வேண்டும்.

1. மீடிறன்

கதி = மீடிறன் × அலைநீளம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மின்காந்த அலையின் கதி செக்கனுக்கு 3 × 10⁸ மீற்றர் ஆகும். அலையைப் பெறும் பிரதான கம்பியின் நீளம் ஏறத்தாழ அரை அலைநீளமாக இருத்தல் வேண்டும்.

200 மெகாஹேர்ட்ஸ் (வீ.எச்.எவ்.): அலைநீளம் 1.5 மீற்றர், கம்பி 75 சென்ரிமீற்றர்.
600 மெகாஹேர்ட்ஸ் (யூ.எச்.எவ்.): அலைநீளம் 0.5 மீற்றர், கம்பி 25 சென்ரிமீற்றர்.

எனவே, பார்க்க விரும்பும் அலைவரிசைகள் எந்த மீடிறன் வீச்சில் உள்ளன என்பதை முதலில் அறிந்து கொள்க. இலங்கை 2014 இல் ஜப்பானிய எண்ணிம ஒளிபரப்பு முறையைத் தெரிவு செய்தது. எனினும் அன்ரனாவின் அளவைத் தீர்மானிப்பது மீடிறனே. ஆகவே “டிஜிற்றல் அன்ரனா” என்ற பெயருக்காக மட்டும் கூடிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

2. திசை

கூரைகளில் நாம் காணும் பல கம்பி அன்ரனா, 1926 இல் ஜப்பானிய அறிஞர்களான யாகி, உடா ஆகியோர் வெளிப்படுத்திய அமைப்பாகும். இதில் பிரதான கம்பிக்குப் பின்னால் சற்று நீண்ட தெறிப்பியும், முன்னால் குறுகிய வழிப்படுத்திகளும் உள்ளன. குறுகிய கம்பிகள் உள்ள பக்கமே ஒலி, ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்க வேண்டும். வழிப்படுத்திகள் கூடும்போது ஒரே திசையிலிருந்து பெறும் வலு அதிகரிக்கும்; ஆனால் திசை சற்று மாறினாலும் படம் குன்றும்.

3. உயரம்

ரூபவாஹினி 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முக்கிய பரப்பி நிலையமொன்று 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலை மலையில் உள்ளது. மாங்கேணியிலிருந்து அம்மலை தென்மேற்குப் பக்கமாக, நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது.

அடிவானத் தூரம் = √(2 × புவியின் ஆரை × உயரம்)

ஆரை 6.4 × 10⁶ மீற்றர், உயரம் 2,500 மீற்றர் எனக் கொண்டால், மலையுச்சியின் அடிவானத் தூரம் ஏறத்தாழ 179 கிலோமீற்றர் ஆகும். இடையிலுள்ள குன்றுகள் மறைக்காவிடின் மாங்கேணி இதனுள் அடங்கும். எனவே மிக உயர்ந்த கம்பத்தை நாட்டுமுன், அயலிலுள்ள தென்னைகளையும் கூரைகளையும் தாண்டும் உயரத்தில் பரிசோதித்துப் பார்த்தல் நன்று.

4. பாதுகாப்பு

கம்பம் சரிந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்திலேயே அதனை நாட்டுதல் வேண்டும். மின்கம்பிக்கு உள்ள தூரம், கம்பம், அன்ரனா இரண்டினதும் மொத்த உயரத்திலும் அதிகமாயிருத்தல் அவசியம். இவ்விதியை மீறுவது உயிராபத்தாகும். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவிற் கொண்டு, மூன்று திசைகளிலும் இழுகம்பி கட்டுக. உலோகக் கம்பத்தைப் புவித்தொடுப்புச் செய்க. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இடியுடன் மழை கூடுதல். இடிமுழக்கம் தொடங்குமுன்னரே அன்ரனா வடத்தையும் மின்செருகியையும் கழற்றி விடுக. உப்புக்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்வதால் நாகம் பூசிய குழாயே உகந்தது.

பயிற்சி

1. 500 மெகாஹேர்ட்ஸ் அலைக்குரிய அரை அலைநீளக் கம்பியின் நீளம் யாது?
விடை: அலைநீளம் 0.6 மீற்றர், கம்பி 30 சென்ரிமீற்றர்.

2. 5 மீற்றர் கம்பத்தை 20 மீற்றராக உயர்த்தினால் அதன் அடிவானத் தூரம் எத்தனை மடங்காகும்?
விடை: 8 கிலோமீற்றர் 16 கிலோமீற்றராகும், இரு மடங்கு மட்டுமே. தூரம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன்.

3. சமிக்ஞை விரியலாக்கியை தொலைக்காட்சியின் அருகில் அன்றி அன்ரனாவின் அருகில் பொருத்துவது ஏன்?
விடை: வடத்தில் சமிக்ஞை குன்றுமுன் அதனைப் பெருக்குவதற்காக. குன்றிய பின் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.