எஸ் வளைவில் ஏறும் லாரி: பின் ஆக்ஸில் என்ன செய்கிறது?

குற்றால சீசனுக்குப் போயிட்டு, அப்படியே தென்காசி, செங்கோட்டை தாண்டி புளியரை பக்கம் போயிருக்கீங்களா? திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 அங்கேதான் மலையேறுது. கேரளாவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற லாரிகள் எஸ் வளைவுல நடை வேகத்துலதான் ஏறும். அந்தப் பாரத்தை மேலே தள்ளுற பின் ஆக்ஸிலைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

1. கிரவுன், பினியன்

புரொபெல்லர் ஷாஃப்ட் பினியனைச் சுற்றும். பினியன் கிரவுனைச் சுற்றும். பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 41/6 = 6.83. இன்ஜின் 2000 ஆர்.பி.எம்., டாப் கியர் 1:1, டயரின் ஆரம் 0.45 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்குச் சுமார் 50 கி.மீ. வரும். விகிதம் 5 என்றால் 68 கி.மீ. ஆனால், 6.83-இல் சக்கரத்துக்குக் கிடைக்கும் டார்க் சுமார் 37% அதிகம். சமவெளியில் 5 லாபம், மலைக்கு 6.83 நல்லது. (போட்டுப் பாருங்க, கணக்கு சரியா வருதான்னு!)

2. டிஃபரன்ஷியல்

வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடணும். அதற்கு வழிவிடுவது டிஃபரன்ஷியல். ஆனால் அது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமான டார்க்கைத்தான் தரும். சாரல் மழையில் ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் வழுக்கினால், அதற்குத் தேவைப்படும் கொஞ்சம் டார்க்தான் மறுபக்கத்துக்கும் போகும். லாரி நின்னுடும். டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் இரண்டு ஷாஃப்டும் சேர்ந்து சுற்றும். பிடிப்பு கிடைத்ததும், வளைவுக்கு முன்னாலேயே அதை எடுத்துடணும்.

3. ஃபுல் ஃபுளோட்டிங்

லாரியின் பாரத்தை ஹவுசிங் தாங்கும்; ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கத்தை மட்டுமே தாங்கும். அதனால் ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. சக்கரத்தைக் கழற்றாமலே, போல்ட்டை எடுத்து ஷாஃப்டை உருவிடலாம்.

4. இறக்கத்தில்தான் உயிர்

டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல இறக்குறவங்க உண்டு. கியரில் இருந்தால், சக்கரம் ஆக்ஸில் வழியாக இன்ஜினைச் சுற்றும்; இன்ஜினின் எதிர்ப்பும் இதே 6.83 மடங்கு பெருகி வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். மொத்தச் சூடும் பிரேக் டிரம்மில் இறங்கும். லைனிங் சூடேறினால் பிடிப்பு குறையும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர் அண்ணன்கள் சொல்றதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்தக் கணக்குதான்.