கழுத்துச் சுரப்பியும் குழந்தைப் பேறும்

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு டில்லியிலிருந்து திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். என் தமக்கைக்கு மணமாகி நான்கு ஆண்டுகள். வீட்டுக்கு வந்தவர்கள் என்னிடம் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள், அவளிடம் “விசேஷம் உண்டா?” என்று கேட்டார்கள். அவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். ராமேசுவரம் போய் வந்தாயிற்று, அரசமரமும் சுற்றியாயிற்று. அத்தானுக்கும் பரிசோதனை வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை!

நான் கவனித்தது வேறு. ஐப்பசியிலேயே அவள் கம்பளி தேடினாள். குரல் கரகரத்திருந்தது, தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. மாதவிலக்கு ஐம்பது நாட்களுக்கு ஒரு முறைதான் என்று அம்மா மெல்லச் சொன்னாள். உயிர் வேதியியல் பயிலும் எனக்குத் தைராய்டின் நினைவு வந்தது.

குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில், இருபது கிராம் அளவே உள்ள சுரப்பி அது. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் ஹார்மோனைச் செய்கிறது. உடலின் வெப்பமும் வேகமும் அதன் பொறுப்பு. அது சோர்ந்தால் கருப்பை ஏன் வெறுமையாக இருக்க வேண்டும்?

இங்கேதான் வியப்பு. தைராக்சின் குறைந்ததும் மூளையின் அடிப்பகுதி விழித்துக்கொண்டு, ‘இன்னும் சுர’ என்று ஆணையிடும் ஹார்மோனை அனுப்புகிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரிச் சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை மிகுதியாக வெளியிடுகிறது. ஆனால் அதே ஆணை புரோலாக்டினையும் கூட்டிவிடக்கூடும். புரோலாக்டின் தாய்ப்பால் சுரக்க வைப்பது. பால் கொடுக்கும் மாதங்களில் அடுத்த கருவைத் தள்ளிப்போடுவதும் அதுவே. ஆகவே, பிள்ளையே பெறாத பெண்ணின் உடல் கைக்குழந்தைக்காரியின் உடலைப்போல நடந்துகொள்கிறது. சினைமுட்டை மாதந்தோறும் வெளிப்படுவதில்லை. ‘மலடி’ என்று பேசும் ஊர் இதை அறியுமா?

கரு தங்கினாலும் கவலை தீர்ந்துவிடாது. முதல் மூன்று மாதங்கள் சிசுவுக்குச் சொந்தத் தைராக்சின் இல்லை. தாயினுடையதைக் கொண்டே அதன் மூளை வளர்கிறது. குறை கடுமையாக இருந்தால் கருச்சிதைவுக்கும் இடமுண்டு. சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தாலும் மாதவிலக்கு பிறழும். அது தனிக் கதை.

குழந்தையின்மைக்குக் காரணங்கள் பல. எல்லாம் தைராய்டு அல்ல. ஆயினும் இதைக் கண்டறிய ஒரு சிறு குழாய் இரத்தம் போதும். சாதாரணமாக டி.எஸ்.எச். 0.4 முதல் 4 வரை இருக்கும். அக்காளுக்கு 18. அவளுடைய சுரப்பியை அவளுடைய நோய் எதிர்ப்புச் சக்தியே தாக்கிக்கொண்டிருந்தது. 1912-ல் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோய் இது. அயோடின் உப்பு உண்ணும் வீடுகளிலும் வருவது.

மருத்துவர் தைராக்சின் மாத்திரை கொடுத்தார். கருவுற்றது தெரிந்தவுடன் தம்மிடம் வரச் சொல்லியிருக்கிறார்; அப்போது அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட நேரிடலாமாம். அத்தானும் ஒருவழியாகப் பரிசோதனைக்குப் போய்வந்தார்.

டி.எஸ்.எச். இப்போது 2.3. மாதவிலக்கு ஒழுங்காகிவிட்டது. ‘விசேஷம்’ இன்னும் இல்லை. அக்காளின் ஒரே முறையீடு, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் காப்பியில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்குத் தொலைபேசியில் பேசுகிறாள்.