எரிமலை இல்லாத ஊரில் எரிமலையின் வேர்

வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில்ல போனா, ஆரல்வாய்மொழிக் கணவாய்ல மலை ரொம்பப் பக்கத்துல வரும் இல்லையா? இந்தப் பக்கத்துக் குவாரிகள்ல உடைபடுற கருங்கல்லைத்தான் நாம கான்கிரீட்ல ஜல்லியா போடுறோம். சிலர் இதை கிரானைட்னு சொல்வாங்க, சிலர் எரிமலைக் குழம்பு ஆறின கல்லுன்னு சொல்வாங்க. ரெண்டுமே முழுசா சரி இல்ல. இதுல பெரும்பகுதி சார்னோகைட். ஆனா எரிமலைக்கும் இதுக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

முதல்ல எரிமலைக்கு வருவோம். கடல்தட்டு ஒன்று கண்டத்தட்டுக்கு அடியில் போவதை சப்டக்‌ஷன், அதாவது கீழமிழ்தல் என்கிறோம். "உள்ளே போன தட்டு சூட்டுல உருகி மேக்மா ஆகுது"ன்னு தேர்வுல எழுதாதீங்க! உருகுவது பெரும்பாலும் அதுக்கு மேல இருக்கிற மேன்டில் பாறை. ஏன்? தட்டு சுமார் 100 கி.மீ. ஆழம் போனதும், அதன் கனிமங்களில் அடைபட்ட தண்ணீர் வெளியேறி மேன்டிலில் கலக்கும். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸ்ல உப்பு போட்டதும் சூடே இல்லாம ஐஸ் உருகுதே, அதே கதைதான். அந்த ஆழத்தில் 1400 டிகிரி செல்சியஸ் தாண்டினாத்தான் உருகுற பாறை, தண்ணீர் சேர்ந்தா சுமார் 1000 டிகிரியிலேயே உருகத் தொடங்கிடும்.

இப்படிப் பிறப்பது பசால்ட் மேக்மா. சிலிக்கா ஏறக்குறைய 50 சதவீதம். அந்தமானின் பாரன் தீவில் மேலோடு அவ்வளவு தடிமன் இல்ல. அதனால அங்கே பசால்ட்டும் அதுக்கு நெருங்கின பாறைகளுமே வெளியே வருது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ்ல நிலைமை வேற. மேலோடு சில இடங்களில் 70 கி.மீ. தடிமன். கனமான பசால்ட் மேக்மா அதன் அடியிலேயே தேங்கிடும். உடன்குடிப் பக்கம் பதநீர்ப்பாகுல கற்கண்டு படிஞ்ச பிறகு மிஞ்சுற பாகு வேற மாதிரி இருக்குமே, அதுபோல கனமான கனிமங்கள் படிகமாகிப் பிரிய, மிச்ச மேக்மாவில் சிலிக்கா கூடும். அதன் சூட்டில் சுற்றியுள்ள மேலோடும் உருகிக் கலக்கும். கடைசியில் சுமார் 60 சதவீத சிலிக்காவோட மேலே வர்றது ஆண்டிசைட். பேரே ஆண்டிஸ்ல இருந்து வந்ததுதான்.

எரிமலையா வெடிப்பது கொஞ்சம். பெரும்பகுதி உள்ளேயே இறுகிடும். அதுதான் எரிமலையின் வேர்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. நாகர்கோவில் வட்டாரச் சார்னோகைட்டின் சிர்கான் படிகங்களை அளந்த ஆய்வாளர்கள், அதன் மூல மேக்மா சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன், இப்படியொரு கீழமிழ்தல் பகுதியில் உருவானதாகக் கருதுறாங்க. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதினப்போ, அது ஆழத்தில் கடும் சூட்டில் மறுபடி உருமாறியது. மேலே எரிமலைகள் இருந்திருந்தா, எப்பவோ அரிச்சுப் போயிருக்கும். வேர் மட்டும் வெளியே தெரியுது.

ஒரு வேடிக்கை பாருங்க. சார்னோகைட்டின் அடையாளமான ஆர்த்தோபைராக்சீன் கனிமம், தண்ணீர் மிகக் குறைவான சூழல்ல உருவாவது. தண்ணியால பிறந்த குழம்பு, தண்ணி வத்தின கல்லா முடிஞ்சிருக்கு!

மலை எம்-சாண்ட் ஆகிட்டா, எந்தப் பாறை எதை ஒட்டி இருந்ததுங்கிற தகவலும் சேர்ந்து பொடியாகிடும். அதனால அடுத்த தடவை சாலையோரத்துல புதுசா வெட்டின பாறை முகத்தைப் பார்த்தா, ஒரு போட்டோ எடுத்து இடத்தையும் குறிச்சு வைங்க. அப்புறம் ஜல்லி போடலாம்!