ஐந்து நிமிடமும் நான்கு நாளும்

நம்பிக்கை: ரத்த ஓட்டம் நின்றால் மூளை செல்கள் அந்த நிமிடமே செத்துவிடும்.

உண்மை: மங்கோலிய ஜெர்பில் என்ற பாலைவன எலியைக் கேட்டுப் பாருங்கள். அதன் மூளையில் முன்பக்க ரத்தக் குழாய்களைப் பின்பக்கக் குழாய்களோடு சேர்க்கும் கிளைகள் பெரும்பாலும் இல்லை. கழுத்தின் இருபுறத் தமனிகளையும் இறுக்கினால் முன்மூளைக்கு மாற்றுவழி கிடையாது. ஆய்வாளர்களுக்கு இது வசதி, ஜெர்பிலுக்குத்தான் துரதிர்ஷ்டம். ஜப்பானின் தகாகி கிரினோ அப்படி ஐந்து நிமிடம் அடைத்துத் திறந்து, கண்டதை 1982-இல் வெளியிட்டார். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் சிஏ1 பகுதியின் செல்கள் மறுநாளும் ஏறக்குறைய நலமாகவே தெரிந்தன. நான்காம் நாள் பார்த்தால் பெரும்பாலானவை அழிந்திருந்தன. பக்கத்துப் பகுதிகளின் செல்கள் பலவும் அதே ஐந்து நிமிடத்தைத் தாங்கிக்கொண்டன.

ரத்தம் நின்றதும் செல்லின் ஆற்றல் தீர்கிறது, குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. ரத்தம் திரும்பினாலும் கால்சியம் தொடங்கிவைத்த அழிவு நிற்பதில்லை. இதயம் நின்று மீட்கப்பட்டு, சில நாள் கழித்து இறந்தவர்களின் மூளையிலும் இதே பகுதியில் இதே தாமதச் சாவு காணப்பட்டது.

இதைப் படித்துவிட்டு, பக்கவாதம் வந்தவரை நாளைக்குக் கூட்டிப் போகலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். ஜெர்பிலுக்கு அடைப்பைத் திறந்துவிட்டார்கள். பக்கவாதத்தில் ரத்தக் குழாய் அடைத்தபடியே கிடக்கிறது.

நம்பிக்கை: செயலிழந்த பகுதி செத்த பகுதி.

உண்மை: 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் போவது இயல்பு. அது 15 மி.லி. அளவுக்குக் குறைந்ததும் மின்துடிப்பு அடங்குவதையும், 6 மி.லி. அளவுக்கு இறங்கிய பிறகே செல்கள் பொட்டாசியத்தைக் கொட்டுவதையும் ஆஸ்ட்ரப், சைமன் குழுவினர் 1977-இல் பபூன் குரங்குகளில் காட்டினார்கள். இடைப்பட்ட நிலையில் இருக்கும் செல்கள் வேலை செய்யாது, ஆனால் சாகவும் இல்லை. நோயாளியோடு ஆம்புலன்ஸ் பறப்பது இவற்றுக்காகத்தான்.

நம்பிக்கை: எலியைக் காத்த மருந்து மனிதரையும் காக்கும்.

உண்மை: பக்கவாதத்துக்கு முயன்று பார்த்த 1,026 சிகிச்சைகளை 2006-இல் ஓர் ஆய்வு பட்டியலிட்டது. மருத்துவமனையில் நிலைத்தவற்றை விரல்விட்டு எண்ணலாம். ஜெர்பிலின் செல்களைக் காத்ததாகப் புகழ்பெற்ற எம்கே-801 என்ற மருந்தை புக்கனும் புல்சினெல்லியும் 1990-இல் மறுபடி சோதித்தார்கள். உடல்சூடு குறையாமல் பார்த்துக்கொண்டதும் பாதுகாப்பு காணாமல் போயிற்று. மருந்து ஜெர்பிலைக் குளிரவைத்திருந்தது. காப்பாற்றியது அந்தக் குளிர்.