மூன்று சீட்டுகளும் ஒரு வாய்ஸ் மெசேஜும்

வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைக்கு எழுதப்படாத ஒரு கடமை உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்ட வேண்டும். பினாங்கில் அது சுலபமான வேலைதான். சுவரோவியங்கள் முன்னால் நாலு போட்டோ, கொடிமலை ரயில், கெக் லோக் சி கோயில், இரவுக்கு ஒரு தட்டு குவே தியாவ். ஒரே நாளில் முடிந்துவிடும்.

நான் அந்த வழியில் கூட்டிப் போவதில்லை. ஜார்ஜ் டவுனில் நம் ஆட்கள் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து என்ன ஆனார்கள் என்று காட்டுகிற வழி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் நடந்தே போகலாம். போன விடுமுறையில் என் பள்ளித் தோழன் ஒருவன் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்தான். டிப்ளமோ முடித்தவன். அவனை அந்த வழியில் கூட்டிப் போனதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். ஏன் பாடம் என்பது போகப்போகத் தெரியும்.

நான் படிக்கும் பொறியியல் வளாகம் தீவில் இல்லை, எதிர்க்கரையில் நிபோங் தெபாலில் இருக்கிறது. சுற்றிலும் இப்போது செம்பனைத் தோட்டம். 19ஆம் நூற்றாண்டில் இந்த செபராங் பிறை வட்டாரம் கரும்புக் காடு. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களில் ஆரம்ப காலத்தவர்கள் இந்தக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் வந்தார்கள். ரப்பர் வந்ததெல்லாம் பிறகு. நான் லேப்புக்கு நடந்து போகிற மண்ணில் என் ஊர்க்காரன் எவனோ கரும்பு வெட்டியிருக்கிறான் என்பது முதல் வருஷம் எனக்குத் தெரியாது. இந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

நிபோங் தெபாலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில், அங்கிருந்து தீவுக்கு ஃபெரி. பாலம் 1985இல் திறந்தாகிவிட்டது, பஸ்ஸிலும் போகலாம். ஆனால் முதல் தடவை வருகிறவர்கள் தண்ணீர் வழியாகத்தான் பினாங்குக்குள் நுழைய வேண்டும் என்பது என் கட்சி. நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் நுழைந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறி, டெக்கில் படுத்து, வாந்தி எடுத்து வந்து சேர்ந்தார்கள். 'ரஜூலா' கப்பல் 1926இலிருந்து 1970களின் தொடக்கம் வரை இந்த வழியில் ஓடியது. இங்குள்ள வயதானவர்களிடம் அந்தப் பேரைச் சொன்னாலே முகம் மாறும். தெற்கே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜெரஜாக் தீவு. வந்தவர்களை நோய்க்குப் பயந்து தனியாக வைத்த இடம். ஊரைப் பார்க்கும் முன்னே அந்தத் தீவைப் பார்த்தவர்கள் நிறைய பேர்.

வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கெடாவின் ஜெராய் மலை தெரியும். என் தோழன் அதைப் பார்த்ததும், "அதான் கடாரமா? ராஜேந்திர சோழன் வந்தது?" என்று போனை எடுத்தான். ஆமாம், 1025. நம் இளைஞர் கூட்டங்களில் இது கைத்தட்டல் வாங்குகிற வரி. எனக்கும் பிடிக்கும். ஆனால் இங்கே இன்று வாழ்கிற தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் சோழன் படையின் பேரர்கள் இல்லை. பஞ்சத்திலும் கடனிலும் ஊரைவிட்டுக் கிளம்பியவர்களின் பேரர்கள். "கலாசாரம் பரப்ப வந்தோம்" என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை ஜெரஜாக்கைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஃபெரியில் அவன் இன்னொன்றும் கேட்டான். "பாயான் லெப்பாஸ் எந்தப் பக்கம்? இண்டெல் கம்பெனியெல்லாம் அங்கதானே?" சுற்றிப் பார்க்க வந்தவன் தொழிற்பேட்டையை விசாரிப்பானேன் என்று தோன்றியது. 1972இல் தொடங்கிய பேட்டை, தெற்கே விமான நிலையத்துப் பக்கம் என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

இறங்கியதும் லிட்டில் இந்தியா. இங்கே நான் வருகிறவர்களுக்கு ஒரு விளையாட்டு வைப்பேன். மலாய்ப் பலகைகளில் தமிழைக் கண்டுபிடி. 'கெடாய்' என்றால் கடை. 'கூயில்' என்றால் கோயில். 'கப்பால்' கப்பல், 'பெத்தி' பெட்டி, 'கட்டில்' கட்டிலேதான். 'மோடால்' என்றால் முதல், அதாவது தொழிலில் போடுகிற பணம். 'சூமா' என்பது நம்ம சும்மாதான், இங்கே வந்து 'மட்டும்' என்று அர்த்தம் மாறிவிட்டது. வியாபாரியும் கப்பல்காரனும் பேசிய சொற்கள் ஊர்ச்சொத்தாகிவிட்டன. லெபோ பாசாருக்குப் பழைய தமிழ்ப் பெயர் கடைத்தெரு.

குயின் தெருவில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1833இல் கோயிலாக எழுந்தது, பினாங்கில் மிகப் பழமையான இந்துக் கோயில். அதற்கு முன்பே அங்கே சின்ன சந்நிதி இருந்தது. பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றியது 1786 ஆகஸ்டில். அரை நூற்றாண்டு முடிவதற்குள் நம் ஆட்கள் அம்மனுக்கு இடம் பிடித்துவிட்டார்கள். ஏன் மாரியம்மன்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும் படகு தள்ளியவனும் கிராமத்துக்காரன். அம்மையும் காய்ச்சலும் வந்தால் அவன் கூப்பிடுவது அவளைத்தான்.

அங்கிருந்து சில நிமிட நடையில் காதர் மொய்தீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அதே தெருவில் சீனர்களின் குவான் யின் கோயில். கொஞ்சம் தள்ளி 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சூலியா தெருவில் நாகூர் தர்கா. ஊர்ப் பெயரையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் பாருங்கள். 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

அடுத்து பினாங்கு தெரு. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. கோயில் வீடும் இங்கேதான். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இங்கிருந்து கிளம்பி தண்ணீர்மலை நகரத்தார் கோயிலுக்குப் போகும். ரதம் காரைக்குடியில் செய்து 1894இல் வந்தது. 2017இலிருந்து இந்து அறநிலைய வாரியத்தின் தங்க ரதமும் வேலைச் சுமந்து போகிறது. வழியெங்கும் உடைகிற தேங்காய்களில் சீனர்கள் உடைப்பதும் ஏராளம்.

இந்தத் தெருவில்தான் என் பாடத்தின் நடுப்பகுதி. ஒரு கடை ஐந்தடியில் உட்கார்ந்து தே தாரேக் குடித்தபடி அவனிடம் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்த தமிழன் மூன்று விதமாக வந்தான்.

செட்டியார் கடைக்கு வந்த ஏஜெண்டு ஒருவன். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. முதலாளி சொந்தக்காரராகவே இருந்தாலும் சம்பளச் சீட்டு எழுதாமல் கப்பல் ஏறமாட்டான். எவ்வளவு சம்பளம், எத்தனை காலம் எல்லாம் அதில் இருக்கும். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியும். அதுதான் முக்கியம்.

கரும்புக் காட்டுக்கு வந்தவன் இன்னொருவன். அவனிடமும் ஒப்பந்தச் சீட்டு இருந்தது. படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தான். கப்பல் செலவு அவன் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. வேலையை விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். இந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது.

மூன்றாவது, கங்காணியோடு வந்தவன். சீட்டே இல்லை. ஊர்க்காரர், தெரிந்தவர், "நான் பாத்துக்கறேன்டா" என்ற வாய்வார்த்தை. அந்த வார்த்தை எல்லா நேரமும் பொய் இல்லை, நல்ல கங்காணிகளும் இருந்தார்கள். ஆனால் வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. கூட்டி வந்தவன் கடனில் இருந்தால்தான் அவனுக்கு லாபம். 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகே அது நின்றது.

தோழன் கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுக் காட்டினான். "தம்பி, டூரிஸ்டாவே உள்ள போயிருங்க. முப்பது நாள் ஃப்ரீதான். அங்க நம்ம ஆளு பெர்மிட் மாத்திக் குடுத்துருவாரு. நான் பாத்துக்கறேன்."

நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறான். மீதி எண்பதாயிரம் இங்கே வேலையில் சேர்ந்ததும். அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது. என்னைப் பார்க்க வந்ததும் உண்மை, வேலைக்கு வந்ததும் உண்மை.

"கம்பெனி பேர் என்ன, மாப்ள?"

"வந்தா சொல்றேன்னாரு."

நண்பர்களே, இந்தப் பகுதியை உங்கள் கிளையில் சத்தமாகப் படியுங்கள். 2023 டிசம்பர் 1இலிருந்து இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் மலேசியா வரலாம். அது சுற்றிப் பார்க்க மட்டும். அந்த அனுமதியில் ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றம். தொழிலாளியாக வருகிறவருக்கு முதலில் இங்குள்ள முதலாளி குடிநுழைவுத் துறையில் அனுமதி வாங்க வேண்டும். அதை வைத்து ஊரிலேயே விசா குத்தி, அதன் பிறகுதான் விமானம். நம் ஊரில் காலிங் விசா என்கிறோமே, அது. வந்து மாற்றிக்கொள்ளலாம் என்பவர் உங்களை நடுத்தெருவில் விடப் போகிறார். நாள் தாண்டித் தங்கினால் குடிநுழைவுச் சட்டப்படி பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்து வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டாலும் மாட்டுவது நீங்கள்தான்.

இந்தியப் பக்கத்தில் ஆள் எடுக்கும் ஏஜென்சி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஈ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கும் அதற்கான ஜிஎஸ்டிக்கும் மேல் அவர்கள் வாங்கக் கூடாது. இவன் பேசியிருந்தது 1,20,000. தேடினோம். அந்த ஆள் சொன்ன பெயர் பட்டியலில் இல்லை.

அவன் கோபப்பட்டான், என் மேல்தான். "உனக்கென்னடா, நீ படிக்க வந்தவன். எனக்கு வயசு ஓடுது." அது நியாயமான பேச்சு. நான் பதில் சொல்லவில்லை. மாதம் பதினோராயிரத்துக்கு மெஷின் ஓட்டுகிறவனிடம் சட்டப் பிரிவு சொல்லி ஜெயிப்பதில் என்ன பெருமை?

மத்தியானம் தண்ணீர்மலை போனோம். மேலே பாலதண்டாயுதபாணி கோயில், 2012இல் கும்பாபிஷேகம் ஆனது, ஏறுவதற்கு 513 படி. இருநூறு தாண்டியதும் பேச்சு தானாக நின்றுவிடும், அது முருகன் செய்கிற உபகாரம். மேலே கும்பிட்டுவிட்டு ஊரையும் கடலையும் பார்த்துக்கொண்டு நின்றோம். அங்கேயே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகவே கேட்டான்.

"அண்ணே, கம்பெனி பேரும் அப்ரூவல் லெட்டரும் வாட்ஸப்புல அனுப்புங்க. படிச்சுட்டு மீதி காசு தர்றேன்."

அந்தப் பக்கம் ஏதோ சத்தமாக வந்தது. லைன் கட். மறுபடி போட்டான், எடுக்கவில்லை. மாலைக்குள் அந்த நம்பரில் புரொபைல் படம் காணாமல் போய்விட்டது.

இறங்கி வந்து அவனுக்கு நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தேன். சோற்றையும் குழம்பையும் தோளில் காவுத்தடியில் தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்கள் கொண்டுவந்த சாப்பாடு. 'கண்டார்' என்பது அந்தத் தூக்கைத்தான். கோழியைத் தவிர்த்துவிட்டு வெண்டைக்காயும் முட்டையும் போட்டு, குழம்பை நாலு விதமாகக் கலந்து இரண்டு தட்டு சாப்பிட்டான். அன்று வெள்ளிக்கிழமை.

ஒன்பதாம் நாள், வந்தபோது எடுத்த ரிட்டன் டிக்கெட்டிலேயே திரும்பினான். நாற்பதாயிரம் வரவில்லை, வளையலும் இன்னும் மீட்கவில்லை. ஊரில் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறான், வாய்ஸ் மெசேஜை அழிக்காமல் வைத்திருந்தது அதற்கு உதவியது. போன வாரம் பதிவுள்ள ஏஜென்சி ஒன்றின் ஒப்பந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். பாயான் லெப்பாஸ் இல்லை, வேறு நாடு. ஓவர்டைம் கணக்கு எழுதியிருக்கும் ஏழாவது பத்தியைச் சுழித்து, "இது என்னடா சொல்ல வருது?" என்று கேட்டிருக்கிறான். நாளை இரவு போனில் இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கப் போகிறோம்.