ஆட்டமும் ஏடும்

நுழையும்முன்

திறன்பேசி விளையாட்டு இன்றைய மாணவரின் மாலைப்பொழுதில் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது. கதையும் கவிதையும் எழுதும் விருப்பமுடையோர் எழுத்துக்கும் அதே மாலைப்பொழுதைத்தான் நம்பியிருக்கின்றனர். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று வாய்க்குமா? விளையாட்டு மனத்தை ஈர்ப்பதற்கான காரணத்தை அறிந்தால், அதே ஈர்ப்பை எழுத்துக்கும் தர இயலுமா? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தேடுகிறது.

ஒரு மாலைப்பொழுது

சங்கராபுரத்தில் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவர் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். மேற்கே கல்வராயன் மலை மங்கலாகத் தெரியும் வீடு. அவருடைய பாட்டி அம்மலையில் பிறந்து வளர்ந்தவர். கடுக்காய் பொறுக்கிய நாள்களையும் சாமை விளைந்த கொல்லைகளையும் கதை கதையாகச் சொல்வார். அவற்றை எழுதிவைக்க விரும்பிய மாணவர் குறிப்பேடு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் தலைப்பையும் எழுதிவிட்டார்.

பள்ளியிலிருந்து திரும்பியதும், 'ஓர் ஆட்டம் மட்டும்' என்று திறன்பேசியைக் கையில் எடுக்கிறார். தலை நிமிரும்போது மணி பத்து. பாட்டி உறங்கிவிட்டார். ஏட்டில் தலைப்பு மட்டுமே இருக்கிறது. மறுநாளும் அவ்வாறே கழிகிறது.

இம்மாணவரைச் சோம்பேறி என்று சொல்ல இயலாது. மூன்று மணி நேரம் கவனம் சிதறாமல் முயன்றிருக்கிறார். தோற்ற இடத்தில் மீண்டும் மீண்டும் தொடங்கியிருக்கிறார். எழுத்துக்கு வேண்டிய பொறுமையும் விடாமுயற்சியும் அவரிடம் உள்ளன. அவை ஏட்டின் பக்கம் திரும்பவில்லை என்பதே குறை.

ஈர்ப்பின் காரணம்

உளவியல் அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, மனிதர் ஒரு செயலில் தம்மை மறந்து ஆழும் நிலையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1990-இல் நூலாக வெளியிட்டார். அந்நிலை வாய்ப்பதற்கு அவர் கூறிய காரணங்களுள் மூன்று இங்குக் கருதத்தக்கவை. இலக்கு தெளிவாக இருத்தல், செய்த செயலின் விளைவு உடனே தெரிதல், சவாலும் திறமையும் ஒன்றுக்கொன்று ஈடாக இருத்தல் என்பன அவை.

கணினி விளையாட்டை வடிவமைப்போர் இம்மூன்றையும் நன்கு அறிந்தவர்கள். எங்கே செல்ல வேண்டும் என்பதைத் திரை காட்டுகிறது. வென்றால் ஒலியும் புள்ளியும் அந்நொடியே கிடைக்கின்றன. திறமை கூடக்கூட நிலைகளும் கடினமாகின்றன. மேலும், பல திறன்பேசி விளையாட்டுகளுக்கு முடிவே இல்லை. நாள்தோறும் வருவோர்க்குப் பரிசு அளித்து, மறுநாளும் வரவழைக்கும் வகையில் அவை அமைக்கப்பட்டுள்ளன.

வெற்றுத்தாளில் இவை எவையும் தாமாகக் கிடைப்பதில்லை. முதல் வரி நன்றா தீதா என்று தாள் சொல்வதில்லை. ஆகவே, களைத்த மாலைப்பொழுதில் விளையாட்டும் எழுத்தும் எதிரெதிரே நின்றால் விளையாட்டே வெல்லும். மன உறுதி ஒன்றை மட்டும் நம்பி இப்போட்டியில் இறங்குவது அரிது. விளையாட்டில் உள்ள இலக்கையும் எல்லையையும் மறுமொழியையும் எழுத்துக்கும் அமைத்துத் தருவதே தக்க வழி. அவ்வாறு அமைந்தபோது எழுத்து எத்துணை விரைவு பெற்றது என்பதற்கு உருசிய நாட்டில் ஒரு சான்று உண்டு.

இருபத்தாறு நாள்கள்

உருசிய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி (1821–1881) சுழல்வட்டுச் சூதாட்டத்தில் பெரிதும் ஆட்பட்டிருந்தவர். கடன் நெருக்கிய நிலையில் பதிப்பாளர் ஒருவருடன் கடுமையான ஒப்பந்தம் செய்துகொண்டார். 1866 நவம்பர் முதல் நாளுக்குள் ஒரு புதினத்தை அளிக்காவிடில், அவருடைய படைப்புகளை ஒன்பது ஆண்டுகள் ஊதியமின்றி வெளியிடும் உரிமை பதிப்பாளரைச் சேரும் என்பது அதன் விதி. அக்டோபர் தொடக்கத்தில் அப்புதினத்தின் ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை.

அந்நிலையில் அன்னா என்னும் இளம்பெண் சுருக்கெழுத்தாளராக வந்தார். தஸ்தயேவ்ஸ்கி இரவில் குறிப்பெடுத்துப் பகலில் கதையைச் சொன்னார். அன்னா அதனைச் சுருக்கெழுத்தில் எடுத்து, வீட்டில் திருத்தமாகப் படியெடுத்து மறுநாள் கொண்டுவந்தார். 26 நாள்களில் 'சூதாடி' என்னும் புதினம் நிறைவுற்றது.

அந்நாள்களில் அவருக்குக் கெடு இருந்தது. நாள்தோறும் குறித்த நேரம் இருந்தது. சொன்னதைக் கேட்டு மறுநாளே எழுத்தாக்கித் தருவோர் ஒருவர் இருந்தார். சூதாட்டக் களத்தில் அவர் கண்டறிந்த மனித மனமே புதினத்தின் பொருளாயிற்று. ஆயினும் சூதாட்டம் அவரை உடனே விட்டுவிடவில்லை. பிற்காலத்தில் அவருடைய மனைவியான அன்னாவின் அணிகலன்களும் அடகுக்குச் சென்றன. 1871-இல்தான் அவர் அதிலிருந்து முற்றிலும் விடுபட்டார். பட்டறிவு படைப்புக்கு உதவும் என்பதற்காக அடிமைத்தனத்தை ஏற்க வேண்டியதில்லை என்பதனையும் அவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

உலக நலவாழ்வு அமைப்பு 'விளையாட்டு மிகைப்பழக்கக் குறைபாட்டை' 2019-இல் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றது. அப்பட்டியல் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளுக்கு மேலாக ஆட்டத்தைக் கருதுதல், தீங்கு தெரிந்தும் தொடர்தல் ஆகியன அதன் அறிகுறிகள். பொதுவாக ஓராண்டுக்கேனும் இவை நீடித்தால்தான் அது குறைபாடாகக் கருதப்படும். ஆர்வத்துடன் ஆடுவோர் அனைவரும் நோயாளர் அல்லர்.

விதிகளுக்குள் விளைந்த பாட்டு

எழுத்துக்கு விளையாட்டின் இயல்பு புதிதன்று. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் கரையில் உள்ளது திருக்கோவிலூர். மழை பெய்த ஓர் இரவில் அவ்வூர் இடைகழி ஒன்றில் முதலாழ்வார் மூவரும் சந்தித்தனர் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம்; இருவர் இருக்கலாம்; மூவர் நிற்கலாம் என்னும் அளவே அங்கு இடமிருந்தது. அச்சந்திப்பை ஒட்டி ஆளுக்கொரு திருவந்தாதியாக நூறு நூறு வெண்பாக்கள் பிறந்தன என்பர்.

ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாவது அந்தாதி. பேருந்துப் பயணத்தில் மாணவர்கள் ஆடும் 'பாட்டுக்குப் பாட்டு' அதன் எளிய உறவு. வெண்பாவோ தளை தட்டாமல் நடந்து, முச்சீர் கொண்ட ஈற்றடியில் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிய வேண்டும். ஒரு சீர் பிழைத்தாலும் செவி உடனே சொல்லிவிடும். தெளிவான இலக்கும் உடனடி மறுமொழியும் யாப்பிலேயே உள்ளன.

வெண்பா என்னும் விளையாட்டு

இக்காலத்தில் அப்பாவின் பெயரையே தாங்கிக் கணினி விளையாட்டு ஒன்று வந்துள்ளது. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 சூலையில் 'வெண்பா'வை வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தமிழ் இணையரையும் அவர்தம் மகன் கவினையும் பற்றிய கதை அது. தாயிடமிருந்து பெற்ற சமையல் குறிப்பேடு வெண்பாவிடம் உள்ளது. அதில் எழுத்துகள் அழிந்தும் தாள் கிழிந்தும் போயுள்ளன. ஆடுவோர் விடுபட்ட இடங்களை உய்த்துணர்ந்து இட்லி முதலிய உணவுகளைச் சமைக்க வேண்டும். மொழியிலிருந்து விலகிச்செல்லும் மகனுக்கும் தாய்க்கும் இடையே உள்ள தொலைவே கதையின் உயிர். ஓரிரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம் 2024-இல் சிறந்த முதல் படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது.

விளையாட்டை உருவாக்குவோர்க்கும் கதையும் உரையாடலும் மொழியும் தேவை என்பதற்கு 'வெண்பா' சான்று. அதன் கதை வேறொன்றையும் நினைவூட்டுகிறது. யாரோ ஒருவர் எழுதிவைத்ததால்தான் அழிந்த எழுத்துகளையேனும் மீட்க முடிந்தது. எழுதப்படாத ஏட்டிலிருந்து மீட்பதற்கு எதுவும் இராது.

மாலையைப் பகிர்தல்

சங்கராபுரத்து மாணவரிடம் மீண்டும் வரலாம். அவர் விளையாட்டைத் துறக்க வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். முதலில் பாட்டியிடம் அரைமணி நேரம். அன்று கேட்ட ஒரே ஒரு நிகழ்ச்சியை ஒரு பக்கத்தில் எழுதுவது இலக்கு. எழுதியதைப் பாட்டியிடமே படித்துக் காட்டலாம். "அப்படியில்லை, அது மழைக்காலம்" என்று அவர் திருத்துவது உடனடி மறுமொழி. வாரந்தோறும் ஒரு நண்பரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கலாம். பிறகு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். கடிகாரம் பார்த்து நிறுத்துவது கடினமெனில், ஒரு நிலை முடிந்ததும் நிறுத்துவது என முன்பே உறுதிசெய்துகொள்ளலாம்.

ஆட்டமும் எழுத்துக்குப் பொருள் தரும். ஆடிய உலகைப் பற்றி ஐந்து வரிகள் எழுதிப் பார்த்தால், திரை காட்சியையும் ஒலியையும் மட்டுமே தந்திருப்பது விளங்கும். கடுக்காயின் துவர்ப்பும் மலைமண்ணின் ஈர வாசனையும் எழுதுவோர்தாம் தரவேண்டியவை.

இன்று விட்ட ஆட்டத்தை நாளை அதே இடத்திலிருந்து தொடங்கலாம். முதியவர் ஒருவரின் நினைவை அவ்வாறு சேமித்துவைக்கும் வசதி இல்லை. அதனை அறிந்த மாணவர், பாட்டி விழித்திருக்கும்போதே குறிப்பேட்டைத் திறப்பார்.

கற்பவை கற்றபின்...

1. ஒரு வாரம், நாள்தோறும் ஆடிய நேரத்தையும் எழுதிய நேரத்தையும் குறித்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. உங்கள் வீட்டு முதியவர் ஒருவர் கூறும் நிகழ்ச்சியைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதி, அவரிடமே படித்துக்காட்டித் திருத்துக.
3. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றுள் ஒன்றைக் களமாகக் கொண்டு சிறுகதை எழுதுக.

சிந்தனை வினாக்கள்

1. 'சூதாடி' புதினம் 26 நாள்களில் நிறைவுறத் துணைநின்றவை யாவை?
2. வெண்பாவின் யாப்பு விதிகளை விளையாட்டு விதிகளோடு ஒப்பிடுக.
3. "எழுதப்படாத ஏட்டிலிருந்து மீட்பதற்கு எதுவும் இராது" – உங்கள் ஊரின் வாய்மொழிச் செய்திகளை முன்வைத்து விளக்குக.