பெருங்குடல் முளைகளும் நம் உணவும்

மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-இல் செலுவாம்பா மாளிகையில் அமைந்தது முதல், உணவாராய்ச்சிக்குப் பெயர் பெற்ற நகர் மைசூர். இங்குப் பயிலும் நாம், ‘உணவே மருந்து’ என்னும் சொல் எந்த அளவுக்கு உண்மை என்பதை ஒரு நோயைக் கொண்டு ஆராய்வது பொருத்தமாகும்.

பெருங்குடலின் உட்சுவரில் சிறு சதை முளைகள் தோன்றுவதுண்டு. மருத்துவர்கள் இவற்றைப் ‘பாலிப்’ என்பர். பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும், அடினோமா என்னும் வகையில் சில, பத்தாண்டுகளோ அதற்கு மேலோ வளர்ந்து புற்றுநோயாக மாறக்கூடும். அதுவரை வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் இராது.

மாத்திரைகளால் இம்முளைகளைத் தடுக்க இயலுமா? முளை ஒருமுறை அகற்றப்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சத்து மாத்திரையும், மற்றவர்க்குப் போலி மாத்திரையும் கொடுத்து அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்தனர். பீட்டா கரோட்டினும் சி, இ உயிர்ச்சத்துகளும் பயன் தரவில்லை என்பது 1994-இல் தெரிந்தது. 1999-இல் சுண்ணாம்புச் சத்து சிறிது நம்பிக்கை அளித்தது. நாள்தோறும் 1200 மில்லிகிராம் உண்டவர்களுள் நூற்றுக்கு 31 பேருக்கும், உண்ணாதவர்களுள் 38 பேருக்கும் முளை மீண்டும் தோன்றிற்று. ஆனால், அதைவிடப் பெரிய ஆய்வொன்று 2015-இல் வெளிவந்தபோது, சுண்ணாம்புச் சத்தும் டி உயிர்ச்சத்தும் பயன் தந்ததாகத் தெரியவில்லை. ஃபோலிக் அமிலமோ முளைகளைத் தடுக்காததோடு, முற்றிய முளைகளை மிகுவிக்கலாம் என்ற ஐயத்தையும் 2007-இல் எழுப்பியது. ஆஸ்பிரின் ஓரளவு தடுக்கும். ஆயின் குருதிப்போக்கையும் உண்டாக்கக் கூடும். ஆகவே மருத்துவர் சொல்லாமல் அதை உண்ணலாகாது.

கோதுமைத் தவிடும் 2000-இல் வெளிவந்த ஆய்வில் தோற்றது. அப்படியானால் உணவால் பயனில்லையா? உண்டு. மூன்று நான்கு ஆண்டுகள் உண்ட தவிடு, வாழ்நாள் முழுவதும் உண்ணும் நல்லுணவுக்கு ஈடாகாது. நார்ப்பொருள் மிகுந்த உணவை நெடுநாள் உண்போரிடையே பெருங்குடற் புற்று குறைவாகவே காணப்படுகிறது. இவ்வூரின் ராகி முத்தையும் சொப்பு சாறும் அத்தகைய உணவே. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ப்பொருளும், 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. புகையும் மதுவும் விலக்கத் தக்கவை. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தருவதென உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. உடற்பருமனும் கேடு தரும். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பது எளிய மருந்து.

இவை யாவும் முளை தோன்றும் வாய்ப்பைக் குறைக்குமேயன்றி, தோன்றிய முளையை அகற்றமாட்டா. குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்து முளைகளை அகற்றினால், புற்றுநோய் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைகிறதென 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. அந்நாட்டில் 45 வயது முதலே அனைவருக்கும் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. நம் நாட்டு அரசுத் திட்டமோ வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளையே முதன்மையாக நோக்குகிறது. எனவே பொறுப்பு குடும்பத்தின்மேல் விழுகிறது.

மலத்தில் குருதி கண்டால் ‘மூலம்தான்’ என்று கைவைத்தியத்தோடு நின்றுவிடுவோர் நம்மிடையே பலர். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால், ஏனையோர் 40 வயதிலோ அதற்கு முன்போ மருத்துவரை அணுகுதல் வேண்டும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர், தந்தைக்கும் தாய்க்கும் சத்து மாத்திரைப் புட்டி வாங்கிச் செல்வதைவிட, இச்செய்தியைக் கொண்டுசெல்வது மேலான உதவியாகும்.